வெயிலை விலைக்கு வாங்கினால் என்ன விலை, தெரியுமா?

நெடுந்தீவில் ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மேல் ஒரே நாளில் எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன, தெரியுமா? செடி உண்ணக்கூடிய ஒளியை மட்டும் எண்ணினால் 22 என்று எழுதி அதன் பின்னால் 24 சுழியங்கள் போடவேண்டும்! அத்தனையும் சூரியனின் மேற்பரப்பிலிருந்து எட்டு நிமிடம் இருபது விநாடி பயணம் செய்து, பவளக்கல் வேலிக்கு உட்பட்ட ஒரு சின்னக் காணிக்குள் வந்து இறங்குகின்றன. யாரும் கட்டணம் கேட்பதில்லை.

இவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க முடியாது என்பதால் விஞ்ஞானிகள் ‘மோல்’ என்ற அளவை வைத்திருக்கிறார்கள். மழையை மில்லிமீற்றரில் அளப்பதுபோல, ஒரு நாளில் ஒரு சதுர மீற்றரில் பெய்த ஒளியை மோலில் அளக்கலாம். நெடுந்தீவு அடங்கிய யாழ்ப்பாணத் தீவகத்தில் வருடச் சராசரியாகப் பார்த்தால் நாளொன்றுக்கு 35 மோலுக்கு மேல் பெய்கிறது. மார்கழி மாதத்து ரொறன்ரோவில் திறந்த வெளியிலேயே பத்து மோல் தேறுவது கடினம். அதுவும் வீட்டுக்குள், யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் என்றால் இன்னும் எவ்வளவோ குறைவு. புங்குடுதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் போய் அந்நகரின் ஸ்காபரோவில் குடியிருப்பவர்களின் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி பனிக்காலத்தில் இலை கொட்டி நிற்பதற்குக் குளிர் ஒரு காரணம். ஒளிப் பட்டினி இன்னொரு காரணம். தண்ணீரும் உரமும் எவ்வளவு ஊற்றினாலும் அந்தப் பசி ஆறாது!

அதனால்தான் செடி விளக்கு. அதனால்தான் நிலவறைக்குள் செடி வளர்க்க ஒரு சின்னக் கூடாரம்.

இந்தக் கூடாரங்களும் விளக்குகளும் இவ்வளவு மலிந்தது எதனால், தெரியுமா? பெருமளவுக்குக் கஞ்சாவால்! 2018 ஒக்ரோபர் 17 முதல் கனடாவில் வயதுவந்தோர் கஞ்சா வைத்திருப்பது சட்டபூர்வமானது. பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் ஜேர்மனியில் ஒருவர் மூன்று செடி வைத்திருக்கலாம். இரண்டுமே தீவக மக்கள் பெருந்தொகையாக வாழும் நாடுகள். உள்ளே வெள்ளிபோல் மின்னும் துணி, வெளியே கறுப்பு, பக்கத்தில் ஒரு காற்றாடி, மேலே தொங்கும் எல்.ஈ.டி. பலகை என்று அந்தச் செடியின் சந்தையால் பெருகிய பொருட்கள்தான் இன்று கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் மிளகாய் நாற்றுக்கும் உதவுகின்றன. ஊர்க்கதை வேறு. இலங்கையில் வீட்டில் ஒரு கஞ்சாச் செடி வைத்திருந்தாலும் குற்றம்தான். தீவகத்துக் கடலில் கடற்படை பிடிக்கும் கேரளக் கஞ்சாப் பொதிகளைப் பற்றிய செய்தி இல்லாத மாதம் குறைவு. ஆகவே இது வளர்க்கச் சொல்லும் கட்டுரை இல்லை. ஆனால் அந்தச் செடிக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள உறவு இருக்கிறதே, அது தாவரவியலையே புரட்டிப்போட்ட கதை!

செடி பகல் இரவின் நீளத்தை உணர்வதை முதலில் கண்டவர் யார், தெரியுமா?

ஜூலியன் தூர்னுவா என்ற இளம் பிரெஞ்சு ஆய்வாளர். 1912ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பாரிஸ் நகரில் கஞ்சாச் செடியையும் அதன் உறவான ஹொப் கொடியையும் கண்ணாடி வீட்டுக்குள் குளிர்காலத்தில் விதைத்துப் பார்த்தார். கோடையில் ஆளுயரம் வளர்ந்து தாமதமாகப் பூக்கும் செடிகள் குளிர்காலத்தில் சில இலை விட்டதுமே பூத்துவிட்டன! சூடு காரணமா? இல்லை. உரமா? இல்லை. பகல் குறைந்து இரவு நீண்டதுதான் காரணம் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். செடிக்கு நேரம் தெரியும் என்று உலகத்துக்குச் சொல்லவேண்டிய மனிதர். 1914இல் முதலாம் உலகப் போர் வந்தது. அந்த வருடமே போர்முனையில் உயிரிழந்தார். இன்னும் சில வருடம் அவர் வாழ்ந்திருந்தால் பாடப்புத்தகங்களில் முதலில் நிற்கும் பெயர் அவருடையதாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர் விட்ட இடத்தில் எந்தச் செடி தொடர்ந்தது, தெரியுமா? புகையிலை! ஆம், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தோணி தோணியாகத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான அதே பயிர். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்னர், அலர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘மேரிலண்ட் மமத்’ என்ற புகையிலை இனத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். கோடை முழுக்க அது பூக்காமல் பத்தடிக்கு மேலேகூட வளர்ந்துகொண்டே போகும். விதை எடுக்க வழியில்லை. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் குட்டையாக நின்று பூக்கும். பிறகு கோடையிலேயே செடிகளைத் தினமும் பின்னேரம் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, காலையில் வெளியே எடுத்தார்கள். பூத்தது! 1920இல் முடிவை வெளியிட்டார்கள். பகல்நீள உணர்வு என்ற முழு அறிவுத்துறையும் அங்கிருந்து கிளம்பியது. புகையிலைத் தோட்டக்காரர் இலை தடிக்க வேண்டும் என்று பூ நுனியை முறித்துவிடுவார். அந்த நுனி எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு இலைக்குள்ளேயே ஓடுகிறது.

அடுத்த ஆச்சரியம் இன்னும் பெரியது. செடி எண்ணுவது பகலை அல்ல, இரவை! 1938இல் ஹம்னர், பொன்னர் என்ற இருவர் மருளூமத்தைச் செடியில் இதை நிரூபித்தார்கள். நீண்ட இரவின் நடுவில் சில நிமிடம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். அவ்வளவுதான், செடி பூக்கவில்லை. பகலின் நடுவில் இருட்டைப் புகுத்திப் பார்த்தார்கள், எந்த மாற்றமும் இல்லை. 1952இல் இன்னொரு குழு இன்னும் உள்ளே போனது. சலாது விதைக்குச் சிவப்பு ஒளி காட்டினால் முளைக்கிறது. உடனே அடர்சிவப்பு ஒளி காட்டினால் முளைப்பது நின்றுவிடுகிறது. மறுபடி சிவப்பு, மறுபடி முளைப்பு! எத்தனை தடவை மாற்றிக் காட்டினாலும் கடைசியாகக் கண்ட நிறத்தையே விதை நம்புகிறது. இப்படி ஒளியை உணரும் நிறமிக்குப் பின்னர் பைற்றோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். கறிவேப்பிலையிலும் இருக்கிறது, பனையிலும் இருக்கிறது, கஞ்சாவிலும் இருக்கிறது.

கூடாரத்துக்கு ஏன் கறுப்புத் துணி என்பது இப்போது விளங்கும். கனடாவில் அந்தச் செடி வளர்ப்பவர்கள் முதலில் விளக்கைப் பதினெட்டு மணிநேரம் எரிப்பார்கள். செடி இலை விட்டு வளரும். பிறகு பன்னிரண்டு மணிநேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணிநேரம் முழு இருட்டு, பூக்கத் தொடங்கும். அந்த இருட்டுக்குள் சிப்புத் துளை வழியாக ஒளி கசிந்தால் செடியின் கணக்குக் குழம்பிவிடும். தெருவிளக்கின் கீழ் நிற்கும் சோயாச் செடி மட்டும் அறுவடைக் காலத்திலும் பச்சையாக நிற்பதும் இதே காரணத்தால்தான். பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இரவில் வரிசை வரிசையாக மின்குமிழ் எரிகிறதே, அது செவ்வந்தி முன்கூட்டியே பூத்துவிடாமல் தடுக்க! வியட்னாமில் முன்பு பின் துவான் மாகாணமாக இருந்த பகுதியில் டிராகன் பழத் தோட்டங்கள் இரவெல்லாம் ஒளிர்வது நேர்மாறான காரணத்துக்கு; அந்தச் செடிக்குக் குறுகிய இரவுதான் பூக்கச் சொல்லும் செய்தி.

சரி, பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் எங்கள் தீவுகளில் பகல் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று கேட்கலாம். நெடுந்தீவு வடக்கு அகலக்கோடு ஒன்பதரைப் பாகையில் இருக்கிறது. ஆனியில் நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். மார்கழியில் குறுகிய பகல் சுமார் 11 மணி 35 நிமிடம். வித்தியாசம் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல். இது போதுமா? போதும்! இதைவிடக் குறைவே போதும்! 1959இல் மலாக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். ‘சியாம் 29’ என்ற நெல் இனம். அங்கே வருடம் முழுவதும் பகல் நீளத்தின் வேறுபாடு வெறும் 14 நிமிடம். செப்ரெம்பரில் விதைத்தால் 161 நாளில் பூக்கிறது. ஜனவரியில் விதைத்தால் 329 நாள்! பதினான்கு நிமிடத்தை அந்தப் பயிர் கண்டுபிடித்துவிடுகிறது. மனிதரில் யாருக்காவது முடியுமா?

வெங்காயமும் பகலைப் பார்க்கும் பயிர். ஐரோப்பாவில் பெருத்த குமிழ் வைக்கும் இனங்கள் பதினான்கு, பதினாறு மணிநேரப் பகலைக் கண்டால்தான் குமிழ் வைக்கும்; அந்த விதையை வேலணையில் தூவினால் இலை மட்டும்தான் மிஞ்சும். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமோ பன்னிரண்டு மணிநேரப் பகலுக்கே பழகியது. ஐரோப்பிய நார்க் கஞ்சா இனங்களும் வெப்ப வலயத்துக்கு வந்தால் வளருமுன்பே பூத்துக் குட்டையாகிவிடுகின்றன. ஊர் விதை என்று சொல்கிறோமே, அதற்குள் அந்த ஊரின் பகலும் இரவும் அடக்கம்!

ஒரு சின்னத் தகவல். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாளில், ஏப்ரல் 14, 15 அளவில், தீவகத்துக்கு நேர் மேலே சூரியன் நிற்கும். நயினாதீவில் பகல் 12.10 போல ஒரு நேரான கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அப்படி நிற்கும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி.

உங்கள் கண் உங்களை எவ்வளவு ஏமாற்றுகிறது, தெரியுமா?

வெளிச்சமான அறை என்று நாம் நினைப்பது 300 முதல் 500 லக்ஸ். நெடுந்தீவின் வெட்டவெளியில் நண்பகலில் ஒரு இலட்சம் லக்ஸ்! இருநூறு மடங்குக்கு மேல். ஆனால் வெளியிலிருந்து உள்ளே வந்தால் கண் சில நிமிடத்தில் பழகி, எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிடும். செடியால் அப்படிப் பழகமுடியாது. ‘மண்டபத்தில் நல்ல வெளிச்சம்தானே, ஏன் செடி நீண்டு வெளிறிப்போகிறது?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

லக்ஸ் என்பதே மனிதக் கண்ணுக்கான அளவு. கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் தூக்கலாகத் தெரியும். ஆழ்நீலமும் ஆழ்சிவப்பும் மங்கலாகத் தெரியும். செடி என்ன நிறத்தை விரும்புகிறது என்பதை 1882இலேயே ஒருவர் மிக அழகாகக் கண்டுபிடித்தார். ஜேர்மானியரான தியோடோர் ஏங்கல்மன் ஒரு பாசி இழையின் மேல் வானவில்லின் நிறங்களைப் பரப்பினார். தண்ணீரில் ஒட்சிசனைத் தேடி ஓடும் பக்டீரியாக்களை விட்டார். அவை எங்கே கூடின? சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்தன! மீற்றரும் இல்லை, மின்சாரமும் இல்லை, பக்டீரியாவே அளவுகருவி.

இதைப் படித்த விளக்குக் கம்பனிகள் சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா நிற விளக்குகளைச் சந்தைக்கு இறக்கின. பச்சை ஒளி வீண் என்று விளம்பரம் செய்தன. அது சரியா? இல்லை! 1972இல் கீத் மக்ரீ 22 பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு நிறமாக அளந்து பார்த்தார். 400 முதல் 700 நனோமீற்றர் வரை எல்லா நிறமுமே ஒளித்தொகுப்பை நடத்துகிறது; பச்சை கொஞ்சம் பின்தங்கினாலும் வேலை செய்கிறது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சூரியகாந்தி இலையில் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். பலத்த வெள்ளை ஒளியின் கீழ் இலையின் மேற்புறம் ஏற்கெனவே நிறைந்துவிடுகிறது. அப்போது கூடுதலாகக் கிடைக்கும் பச்சை ஒளி இலையின் ஆழத்துக்குள் இறங்கி, சிவப்பைவிட அதிக வேலை செய்கிறது! ஆகவே என் தீர்ப்பு வெள்ளை எல்.ஈ.டி.க்குத்தான். இலையின் உண்மையான நிறம் அதில் தெரியும். மஞ்சள் படிந்தாலும் பூச்சி வந்தாலும் உடனே கண்டுபிடிக்கலாம். ஊதா வெளிச்சத்தில் எல்லாம் கறுப்பாகத் தெரியும், கண்ணும் நோகும்.

அந்த வெள்ளை எல்.ஈ.டி. உண்மையில் ஒரு நீல விளக்கு, தெரியுமா? நீலச் சில்லின் மேல் பூசிய மஞ்சள் பொடிதான் அதை வெள்ளையாக்குகிறது. சிவப்பு எல்.ஈ.டி. 1962இலேயே வந்துவிட்டது. நீலத்துக்கு முப்பது வருடம் போராடினார்கள். அதை வென்ற அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது கடைக்குப் போவோம். பெட்டியில் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சுவரில் செருகி அளந்தால் நூறு வாட்தான் இழுக்கும்! ஏதோ ஒரு பழைய விளக்குக்கு ‘இணையான’ எண்ணை அச்சிட்டு விற்பது இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம். அந்த எண்ணை முற்றாக மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது மூன்று. சுவரிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது. ஒவ்வொரு ஜூல் மின்சாரத்துக்கும் எத்தனை மைக்ரோமோல் (மோலின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) ஒளி தருகிறது. இன்றைய நல்ல எல்.ஈ.டி. 2.5க்கு மேல் தரும், மிகச் சிறந்தவை 3ஐத் தாண்டும், பழைய சோடியம் விளக்கில் மிக நல்லதே 1.7 அளவுதான். மூன்றாவது, விளக்கை இந்த உயரத்தில் தொங்கவிட்டால் கூடாரத்தின் நடுவிலும் மூலையிலும் எவ்வளவு ஒளி விழும் என்ற கட்டப் படம். இந்தப் படத்தைத் தராத கம்பனியின் விளக்கை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். நடுவில் மட்டும் கொட்டி மூலையைப் பட்டினி போடும் விளக்குகள் ஏராளம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், கூடவே வாருங்கள். இரண்டடிக்கு இரண்டடிக் கூடாரம், அதாவது ஏறக்குறைய 0.36 சதுர மீற்றர். நூறு வாட் உண்மையாக இழுக்கும் நல்ல விளக்கு விநாடிக்கு 250 மைக்ரோமோல் ஒளி தரும். சுவரில் பட்டு வீணாவது போக 210 மைக்ரோமோல் செடிக்குப் போய்ச் சேர்கிறது என்று வைப்போம். பரப்பால் பிரித்தால் சதுர மீற்றருக்குச் சுமார் 580. நெடுந்தீவின் நண்பகல் வெயில் 2000ஐத் தொடும்! ஆனால் விளக்கை 18 மணிநேரம் எரித்தால் நாளின் மொத்தம் 38 மோல் ஆகிவிடும். அதாவது ஒரு தீவக நாளின் வெயிலை முழுதாக வாங்கிவிட்டோம்! விலை? 1.8 யூனிற் மின்சாரம், ஒரு நாளைக்கு, நான்கு சதுர அடிக்கு. கறிவேப்பிலைக்கும் நாற்றுக்கும் இதில் பாதிகூடத் தேவையில்லை. கீரை வகைகள் 12 முதல் 17 மோலிலேயே செழிக்கும். அளவுகருவி வாங்க முடியாதவர்கள் கைபேசியில் லக்ஸ் பார்த்து, வெள்ளை எல்.ஈ.டி. என்றால் 70ஆல் பிரித்துக்கொள்ளலாம். துல்லியம் இல்லாவிட்டாலும் பட்டினியா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கஞ்சாவைப் பற்றி ஒன்றாரியோவின் குவெல்ப் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு விளம்பரக்காரர்களின் வாயை அடைத்திருக்க வேண்டும். ஒளியை 120 மைக்ரோமோலிலிருந்து 1800 வரை ஏற்றிக்கொண்டே போனார்கள். பூவின் விளைச்சலும் நேர்கோடாக ஏறிக்கொண்டே போனது, எங்கும் நிற்கவில்லை! வேறெந்தப் பயிரும் இப்படி ஒளியை விழுங்குவது அபூர்வம். ஆனால் பூவின் வீரியம்? ஏறவே இல்லை. விளக்கைக் கூட்டினால் சரக்குக் காரமாகும் என்ற பேச்சுக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த விழுங்கலுக்கு உலகம் கொடுக்கும் விலை தெரியுமா? அமெரிக்காவில் உள்ளறையில் வளரும் கஞ்சா அந்நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைக் குடிக்கிறது என்று 2012இல் எவன் மில்ஸ் மதிப்பிட்டார். 2021இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு தொன்னிலிருந்து ஐந்து தொன்னுக்கு மேல் வரை கரியமில வாயு வெளியேறுகிறது. வெளியே வெயில் சும்மா கொட்டிக்கொண்டிருக்க!

சரி, அந்த விலையைத் தீவகக் கணக்கில் பார்க்கலாமா? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியவை. கடல் கடந்து எண்ணெய் வரவேண்டும். அங்கே சூரிய, காற்று மின்சாரம் அமைக்க 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, திட்டம் நின்றது. இந்த மூன்று சின்னத் தீவுகளின் வெயிலுக்காக இரண்டு பெரும் தேசங்கள் எதிரெதிரே நின்றன! பின்னர் இந்தியா தன் நன்கொடையில் செய்வதாக ஏற்று, 2024 மார்ச் 1இல் இலங்கை நிலைபெறுதகு வலுச்சக்தி அதிகாரசபைக்கும் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றுசக்தி, 2,400 யூனிற் தேக்கும் மின்கலங்கள்.

அந்த 2,400 யூனிற்றைக் கவனியுங்கள். கூடாரக் கணக்கின் 1.8 யூனிற்றை 0.36ஆல் பிரித்தால், சதுர மீற்றருக்கு ஒரு நாள் வெயிலை விளக்கால் உண்டாக்க ஐந்து யூனிற் வேண்டும். அப்படியானால் மூன்று தீவின் மின்கலம் முழுவதையும் வடித்துச் செடி விளக்கு எரித்தால் எவ்வளவு நிலத்துக்குக் காணும்? 480 சதுர மீற்றர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு பரப்புக்கூட இல்லை! இரண்டு பரப்பு வெங்காயத் தோட்டம் ஒரே நாளில் குடிக்கும் வெயில் மூன்று தீவின் மின்கலத்தை மிஞ்சுகிறது! அதன் சொந்தக்காரர் அதை ஒரு சொத்தாக எண்ணியே இருக்கமாட்டார்.

இன்னொரு கணக்கும் உண்டு. சூரியப் பலகையில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் செடி விளக்கு எரித்தால் என்ன? ஒரு சதுர மீற்றரில் விழும் ஐந்து யூனிற் வெயிலிலிருந்து பலகை தருவது ஏறக்குறைய ஒரு யூனிற். எனவே ஒரு சதுர மீற்றர் செடிக்கு முழுநாள் வெயில் கொடுக்க ஐந்து சதுர மீற்றர் பலகை வேண்டும். ஐந்து காணியின் வெயிலைத் தின்று ஒரு காணிக்குத் தருவது! வெயில் உள்ள ஊரில் இதைச் செய்யச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

ஆனாலும் விளக்கில் செடி வளர்க்கும் ஆசை எவ்வளவு பழையது! 1880இல் வில்லியம் சீமென்ஸ் இங்கிலாந்தில் தன் தோட்டத்தில் நீராவி இயந்திரம் ஓட்டி, வில் விளக்கு எரித்து இரவிலும் பயிர் வளர்த்துக் காட்டினார். வீட்டு மின்குமிழே சந்தைக்கு வராத காலம் அது! 2015 ஓகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் எல்.ஈ.டி. ஒளியில் வளர்ந்த சிவப்புச் சலாது இலையை விண்வெளி வீரர்கள் உண்டார்கள். 2024 டிசெம்பர் 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி60 ரொக்கெற்றில் இஸ்ரோ அனுப்பிய விதை எது, தெரியுமா? தட்டைப்பயறு, நாம் கௌபி என்று அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடும் அதே பயறு! நான்கே நாளில் விண்வெளியில் முளைத்து, பிறகு இலையும் விட்டது. சூரியனே எட்டாத பெட்டிக்குள் விளக்குத்தான் வெயில். அங்கே அது நியாயம்.

ஒன்றை விட்டுவிட்டால் மனம் கேளாது. பனையும் கஞ்சாவும் ஒரு விடயத்தில் ஒன்று: இரண்டிலும் ஆண் வேறு, பெண் வேறு. கஞ்சாவில் சில வாரத்தில் தெரிந்துவிடும். பனையிலோ பாளை வரும்வரை, பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ, விதைத்தவருக்கே தெரியாது! அதுவரை அந்த வடலி தின்னும் வெயிலை விளக்கால் கொடுப்பதாக வைத்தால்? சதுர மீற்றருக்கு இருபத்தோராயிரம் யூனிற்றுக்கு மேல்.

தீவகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செடி விளக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நாற்றுக்கு வெயில் கடுமையாக இருந்தால் நிழல்வலை போதும். விளக்கின் காசில் கிணற்றையும் மண்ணையும் கவனியுங்கள், உவர் ஏறும் நிலத்தில் அதுதான் அவசரம். ரொறன்ரோவிலும் பேர்ளினிலும் இருப்பவர்கள் இந்தப் பனிக்காலத்துக்கு முன் விளக்கு வாங்குவதென்றால், பெட்டியின் முன்பக்கத்து வாட் எண்ணைப் பார்க்காமல் பின்பக்கத்தில் மைக்ரோமோல் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். கறிவேப்பிலைக்கு ஒரு நேரக்கருவியையும் சேர்த்து வாங்குங்கள். அதற்கும் இரவு வேண்டும்.